கரைக்கு வருமுன் சொன்ன நன்றி

என் வயதுக்காரர்களே, உங்கள் தொலைபேசிக்கும் அது வந்திருக்கும். விடியக்காலையில் ஒரு பூப்படம், அதன் கீழே "தினமும் மூன்று விஷயங்களுக்கு நன்றி சொல்லுங்கள், வாழ்க்கை மாறும்" என்று ஒரு வரி. என் மகள் ஒருபடி மேலே போய், அதற்கென்றே அச்சடித்த கொப்பி ஒன்றைக் கனடாவிலிருந்து அனுப்பியிருக்கிறாள். தங்க நிற ஓரம், நடுவில் பட்டு நாடா. "அம்மா, நித்திரைக்குப் போக முதல் எழுதுங்கோ, மனதுக்கு நல்லது" என்கிறாள். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வைத்தியத்தை நாங்கள் ஐம்பதுகளின் கடைசியிலேயே, பசித்த வயிற்றோடு, ஆறிக்கொண்டிருக்கும் சோற்றுக்கு முன்னால் நின்று செய்தவர்கள் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தால் "அம்மா தொடங்கிட்டா" என்பாள். ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். விடுதியில் வளர்ந்தவர்கள் தலையாட்டுவீர்கள், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்க்குப் பக்கத்தில் மிஷன் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் அது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஓர் ஊர் என்று தூக்கிப்போடுவார்கள். அம்மா அவரோடு போகவேண்டியிருந்ததால் என்னைப் பத்து வயதில் அந்த விடுதியில் கொண்டுவந்து விட்டார்கள். நாங்கள் இருபத்தாறு பிள்ளைகள். பாதிக்கு மேல் எங்கள் வீட்டைப் போல வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், மற்றவர்கள் சைவப் பிள்ளைகள். நீளமான சாப்பாட்டு அறை, இரண்டு வரிசை வாங்குப் பலகை, கூரையிலிருந்து தொங்கும் பெற்றோமாக்ஸ் விளக்கு. அந்த விளக்கு இரைகிற சத்தம் இன்றைக்கும் எங்கேயாவது கேட்டால் எனக்குப் பசிக்கும். ஒவ்வொருத்தியும் வீட்டிலிருந்து கொண்டுவந்த எனாமல் தட்டு முன்னால் இருக்கும். என்னுடையதில் நீல ஓரமும் நடுவில் ஒரு சிவப்பு ரோசாப்பூவும். அதைப் பிற்காலத்தில் எந்த வீடு மாறும்போது தொலைத்தேன் என்பது நினைவில்லை. தொலைந்ததை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வயிறு எரிகிறது.

விடுதிக்குப் பொறுப்பானவரை மேற்றன் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயதுக்கு மேல், கல்யாணம் கட்டாதவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து, நடந்தால் யூக்கலிப்டஸ் எண்ணெய் மணக்கும். மாலை ஆறரை மணிக்கு மணியடித்ததும் சோற்றுப் பானை வந்து மேசையில் ஏறும். ஆனால் அகப்பை அதைத் தொடாது. முதலில் நன்றி.

ஒவ்வொருத்தியும் தன் முறை வரும்போது எழும்பி நின்று, இன்று தன்னிடம் உள்ள ஒன்றுக்கு நன்றி சொல்லவேண்டும். வேதக்காரப் பிள்ளைகள் ஸ்தோத்திரம் என்போம், சைவப் பிள்ளைகள் நன்றி என்று சொன்னால் போதும். அந்த மட்டில் மேற்றன் தாராள மனசுக்காரி. ஆனால் எதையும் கேட்கக்கூடாது. "நாளைக்குக் கணக்குச் சோதனை சுகமாய் வரவேணும்" என்று யாராவது தொடங்கினால் கையை உயர்த்தி நிறுத்துவார்.

"அது விண்ணப்பம், பிள்ளை. விண்ணப்பத்துக்கு விடிய நேரம் இருக்கு. இப்ப கையிலை இருக்கிறதைச் சொல்லும்."

சொன்னதையே அந்தக் கிழமைக்குள் திருப்பிச் சொல்லவும் கூடாது. கறுப்பு மட்டைக் கொப்பி ஒன்றில் ஒவ்வொருத்தியின் பெயருக்கு நேரேயும் அன்றன்று சொன்னதைப் பென்சிலால் குறித்துவைப்பார். "பருப்புக்குச் செவ்வாய்க்கிழமை சொல்லியாச்சு" என்று அவர் தலைநிமிராமல் சொன்னால் நாங்கள் நின்ற நிலையில் வேறொன்றைத் தேடவேண்டும். வியாழக்கிழமை ஆவதற்குள் சூரியன், மழை, காற்று, பருப்பு, புது றிபன் எல்லாம் தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை பாவம், சின்னப் பிள்ளைகள் அழுவார்கள்.

நான் அதில் கெட்டிக்காரி. பெருமையடிக்கிறேன் என்று நினைக்கவேண்டாம், இந்த வயதில் பெருமைக்கு என்ன இருக்கிறது. பக்கத்து வளவு மாடு இன்று கத்தாமல் இருந்ததற்காக ஸ்தோத்திரம். தட்டில் உள்ள ரோசாப்பூவின் ஒரு இதழாவது இன்னும் உரியாமல் இருப்பதற்காக ஸ்தோத்திரம். மற்றப் பிள்ளைகள் பின்னேரம் கிணற்றடியில் வந்து என்னிடம் ஆளுக்கொரு நன்றி கேட்டு வாங்கிப் போவார்கள். விளாம்பழம் தந்தால் நல்லதாகக் கொடுப்பேன், தராதவளுக்கு "சுவருக்கு நன்றி எண்டு சொல்லு" என்பேன்.

ஆறாம் வகுப்பில் என் பக்கத்துக் கட்டிலுக்கு வல்வெட்டித்துறையிலிருந்து ஒருத்தி வந்தாள். தகப்பன் தண்டயல், அதாவது தோணியை நடத்திப்போகிறவர். இந்தியக் கரைக்குப் போய்க் கூரை ஓடும் சாமானும் ஏற்றிவருகிற தோணி. மகளை நன்றாகப் படிப்பிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்திருந்தார். நாங்கள் அவளைத் துறைக்காரி என்றோம். மெலிந்த பிள்ளை, அதிகம் கதைக்கமாட்டாள். விடிந்ததும் முதல் வேலையாக முற்றத்துக்குப் போய் வேலிக்கு அப்பால் நின்ற பனைகளின் தலையைப் பார்ப்பாள். ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கப் போவாள். கிணற்றுக் கயிறு அறுந்த அன்று வேலைக்காரர் வருமுன் அவளே முடிச்சுப் போட்டுவிட்டாள். அந்த முடிச்சு அந்த வருடம் முழுக்க அவிழவில்லை.

அவளுடைய நன்றிகளோ எங்களுடையதைப் போல இல்லை. முதல் நாள் எழும்பி, "உப்புக்கு நன்றி" என்றாள்.

"ஏன் உப்புக்கு?" என்றார் மேற்றன்.

"மத்தியானம் சொதியிலை அளவாய் இருந்தது, மேற்றன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது தோன்றவில்லையே என்று எரிச்சலாக இருந்தது. அடுத்தடுத்த நாள்களில் கதவுக் கொண்டிக்கு நன்றி என்றாள், ஊசிக் கண்ணுக்கு நன்றி என்றாள், முழங்கால் புண் காய்ந்து பொருக்கு வந்ததற்கு நன்றி என்றாள். அவளுக்கு என்னிடம் வாங்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. ஒரே சீப்பு, ஒரே சவர்க்காரக்கட்டி, ஒரே குடை என்று ஆகிவிட்டோம். அவளுடைய அப்பா நாகப்பட்டினத்திலிருந்து கொண்டுவந்த ஆறு பச்சைக் கண்ணாடி வளையலில் மூன்று என் கைக்கு வந்தது.

சிக்கல் வந்தது ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிறு மாலை மட்டும் எல்லோரும் தாய் தகப்பனுக்கு நன்றி சொல்லவேண்டும் என்பது மேற்றனின் சட்டம். தேடி அலையத் தேவையில்லாத நாள் என்பதால் எங்களுக்கெல்லாம் அது கொண்டாட்டம். துறைக்காரி சில ஞாயிறுகளில் "அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நன்றி" என்பாள். சில ஞாயிறுகளில் "அம்மாவுக்கு நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு வாங்கில் இருந்துவிடுவாள். யாரும் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். அந்தக் கறுப்பு மட்டைக் கொப்பி கவனித்துவிட்டது.

ஐப்பசி பிறந்து முதல் ஞாயிறு என்று நினைக்கிறேன். மேற்றன் பக்கங்களைப் பின்னால் புரட்டிப் பார்த்தார்.

"போன மாதம் ரெண்டு தரம் அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறீர். அதுக்குப் பிறகு மூண்டு கிழமையா இல்லை. அப்பாவோடை கோவமோ?"

"இல்லை, மேற்றன்."

"அப்ப சொல்லும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சோற்றுப் பானையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. இரண்டு வாங்கிலும் வயிறுகள் இரைந்தன.

"உப்புக்கும் ஊசிக்கும் நன்றி சொல்லத் தெரியுது. பெத்து வளர்த்து, காசைக் கட்டிப் படிப்பிக்கிற தேப்பனுக்குச் சொல்ல உமக்கு வாய் வருதில்லையோ? சொல்லும் வரைக்கும் ஒருத்தருக்கும் சோறில்லை."

மேற்றன் கொடுமைக்காரி இல்லை. காய்ச்சல் வந்தால் இரவு முழுக்கப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பவர். ஆனால் நன்றிகெட்ட பிள்ளை என்று ஒன்றை அவர் மனதில் முடிவு செய்துவிட்டால் மாற்றுவது கஷ்டம். துறைக்காரி அசையவில்லை. அவளுடைய கண்ணில் நீர் முட்டி நிற்பதை நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை நன்றி எடுத்துக் கொடுப்பதுதானே? அவளைக் காப்பாற்றுகிறேன் என்ற துடிப்பில் விருட்டென்று எழும்பினேன்.

"இவவின்ரை அப்பா இருக்கிறதுக்காக ஸ்தோத்திரம், மேற்றன். இவ எங்களோடை இருக்கிறது அவராலை தானே."

மேற்றனின் முகம் மலர்ந்தது. "பாத்தீரே, சிநேகிதிக்கு இருக்கிற அறிவை" என்று சொல்லிப் பென்சிலால் குறித்துக்கொண்டார். அகப்பை பானைக்குள் போனது. நான் பெரிய காரியம் செய்தவள் போல இருந்து, துறைக்காரியைப் பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. அன்று அவள் ஒரு வாய் சோறும் தொடவில்லை.

தட்டுக் கழுவப் போன இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உன்னை ஆரடி சொல்லச் சொன்னது?"

"நீ அழுதுகொண்டு நிண்டாய்..."

"அவர் கடல்லை நிக்கிறார். கடல்லை நிக்கிற ஆளை எங்கடை வீட்டிலை ஒருத்தரும் இருக்கிறார் எண்டு சொல்லமாட்டம். அம்மா அவற்றை பேரே எடுக்கமாட்டா. கரைக்கு வந்து, காலைக் கழுவினாப் பிறகுதான் சொல்லுறது. நீ இருக்கிறார் எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லிப்போட்டாய்."

"எனக்குத் தெரியாதே. நீ மேற்றனிட்டைச் சொல்லியிருக்கலாம் தானே?"

"எப்பிடிச் சொல்லுறது? அதைச் சொல்லுறதெண்டாலும் அவற்றை பேரைத்தானே எடுக்கவேணும்!"

அதோடு அவள் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். பெரும் மழைக்காலம் தொடங்கினால் தோணிகளைக் கரையில் இழுத்து விட்டுவிடுவார்களாம். அவளுடைய அப்பா போயிருந்தது அதற்கு முன்னான கடைசிப் பயணம். மூன்று தோணிகள் ஒன்றாகப் போயிருந்தன.

புதன்கிழமை காற்று எழும்பியது. வேலிக்கு அப்பால் நின்ற பனைகளில் ஒன்று முறிந்து வளவுக்குள் விழுந்தது. சாப்பாட்டு அறையின் ஓடுகள் பறந்ததில் மேசையெல்லாம் தண்ணீர். இரண்டு நாள் பள்ளிக்கூடம் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. துறைக்காரி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கட்டிலில் போர்வைக்குள் கிடந்தேன்.

சனிக்கிழமை அவளுடைய மாமா வந்தார், தாயின் தம்பி. நனைந்த வேட்டியோடு மேற்றனின் கந்தோர் அறை வாசலில் நின்று மேற்றனோடு கதைத்ததை நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இரண்டு தோணிகள் வந்துவிட்டன. மற்றது, அவளுடைய அப்பாவினது, வரவில்லை. வந்தவர்கள் காற்றுக்கு முதல்நாள் அந்தத் தோணியின் பாயைப் பார்த்திருக்கிறார்கள், பிறகு காணவில்லை.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறியளோ?" என்று மேற்றன் கேட்டார்.

"இல்லை அம்மா, இஞ்சை நிக்கட்டும். அக்கா வீட்டிலை ஒருத்தரையும் அழ விடுறா இல்லை. அழுதால் முடிஞ்சுது எண்டு ஆகிப்போடும் எண்டுறா. இதுகள் ரெண்டும் ஒண்டை ஒண்டு பாத்தால் தாங்காதுகள்."

எனக்கு அப்போது பதினொரு வயது. பதினொரு வயதில் உலகம் எவ்வளவு பெரியது, அதில் நம் வாய்ச்சொல் எவ்வளவு சின்னது என்று தெரியாது. அவரை நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். சும்மா நினைக்கவில்லை, உறுதியாக நம்பினேன். அதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. நான் நன்றி சொன்னால் அது பறிபோய்விடும் என்றால், இதுவரை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்? அம்மாவுக்கு, அப்பாவுக்கு, கைக்குழந்தையாக இருந்த தம்பிக்கு. அப்பாவோ நாள் முழுக்க ரயிலோடு நிற்பவர். அன்று மாலை என் முறை வந்தபோது எழும்பி நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

"என்ன, உமக்குமா சொல்ல ஒண்டும் இல்லை?" என்றார் மேற்றன்.

முதல் நாள் சுகமில்லையாக்கும் என்று விட்டுவிட்டார். இரண்டாம் நாள் புருவத்தை உயர்த்தினார். மூன்றாம் நாளிலிருந்து அது அடங்காத்தனம் ஆகிவிட்டது. எனக்கு நேரே கொப்பியில் வெறும் கோடு விழுந்தது. மற்றவர்கள் இருந்து சாப்பிட நான் நின்று சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமை வாழைப்பழம் எனக்கு இல்லை. அப்பாவுக்குக் கடிதம் போனது. அப்பா இரண்டு வரியில் பதில் எழுதினார்: மேற்றன் சொல்வதைக் கேட்டு நட, எங்களுக்கு வெட்கத்தைத் தேடித் தராதே. அந்த மனிதர் பத்திரமாக இருக்கவேண்டும் என்றுதான் நான் வாயைக் கட்டியிருந்தேன் என்பது அவர் சாகும்வரை அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

துறைக்காரி அந்த நாள்களிலும் தன் முறையில் எழும்பிச் சின்னச் சின்ன நன்றிகளைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். குரல் மட்டும் மெலிந்துபோனது. யன்னல் கம்பிக்கு நன்றி. வெள்ளம் வடிந்ததற்கு நன்றி. தகப்பனுக்காகப் பிள்ளைகள் எல்லோரும் விடியக்காலையில் விண்ணப்பம் செய்தபோது கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். கேட்பதில் அவளுக்கு மறுப்பில்லை. இருக்கிறது என்று சொல்வதில்தான் பயம். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. ஒரே சீப்பு இரண்டு சீப்பானது. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் நான் பட்ட தனிமையைப் பிறகு என் கணவர் போனபோதுதான் திரும்பப் பட்டேன்.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ மேற்றனுக்குப் பொறுமை போய்விட்டது. "இண்டைக்கு உம்மடை வாயிலை இருந்து ஒரு சொல் வரவேணும். இல்லாட்டி வெளியிலை போய் முழங்காலிலை நில்லும்" என்றார். நான் தட்டை வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தேன். அப்போதுதான் எனக்குப் பின்னால் வாங்கு இழுபடும் சத்தம் கேட்டது.

"அவளை விடுங்கோ, மேற்றன்."

துறைக்காரி எழும்பி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, மேற்றனைப் பார்த்தாள்.

"அவள் திமிரிலை நிக்கேல்லை, பயத்திலை நிக்கிறாள். அண்டைக்கு நீங்கள் கேட்டதை நான் சொல்லாமல் விட்டது, எங்கடை வீட்டிலை கடல்லை நிக்கிறவைக்கு நன்றி சொல்லுறேல்லை எண்டதாலை. அது தெரியாமல் அவள் சொல்லிப்போட்டாள். இப்ப தன்னாலைதான் எண்டு நினைக்கிறாள். நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

மேற்றன் கொப்பியை மெதுவாக மூடினார். அதன் மட்டையைத் தடவினார். "நான் கேட்டிருக்கப்படாது" என்றார். எங்களுக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா தெரியவில்லை. பிறகு, "இருங்கோ பிள்ளையள், சாப்பிடுங்கோ" என்றார். அன்று முதல் எங்கள் இருவரின் முறையையும் கேட்காமல் தாண்டிப்போனார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். இது எனக்கு அப்போது விளங்கவில்லை. நாங்கள் எல்லோரும் சொல்லி முடித்த பிறகு மேற்றனும் நன்றி சொல்வார். எங்களுக்குத்தான் திருப்பிச் சொல்லக்கூடாது என்ற சட்டம். அவர் எல்லா நாளும் ஒன்றையே சொல்வார்: "என் தம்பிக்காக ஸ்தோத்திரம்." நாங்கள் அதற்குக் கள்ளமாகச் சிரித்திருக்கிறோம். எத்தனையோ வருடம் கழித்து ஒரு பழைய மாணவி சொல்லித்தான் தெரியும். அந்தத் தம்பி மலாயாவுக்கு வேலைக்குப் போனவர். யப்பான்காரன் வந்த காலத்தோடு கடிதம் நின்றுபோனது. இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. மேற்றன் தினமும் சோற்றுக்கு முன்னால் நின்று, தம்பி இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லித்தான் அவரை வைத்திருந்தார். அந்த மனுஷிக்கு, தகப்பனுக்கு நன்றி சொல்லாத பிள்ளையைக் கண்டால் எப்படி இருந்திருக்கும்? துறைக்காரியின் வீட்டில் பேரைச் சொல்லாமல் விட்டுக் காப்பாற்றினார்கள். இவர் சொல்லிக் காப்பாற்றினார். இரண்டு பேரும் ஒன்றையேதான் செய்துகொண்டிருந்தார்கள், ஒருவரை ஒருவர் தெரியாமல் நோகடித்தார்கள்.

நான் இப்போதும் ஒவ்வொரு மாலையும் நன்றி சொல்கிறேன், கொப்பி இல்லாமல். காலில் வலி இல்லாத பக்கத்துக்கு. நல்ல தேத்தண்ணிக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்காமலே வாளியைத் தூக்கி வைத்ததற்கு. எனக்கு நிறைய இருக்கிறது, உண்மையாகவே நிறைய இருக்கிறது. அதைக் கண் திறந்து பார்க்கப் பழக்கியவர் மேற்றன்தான், அவருக்கு என் நன்றி எப்போதும் உண்டு. ஆனால் மகள் விமானத்தில் ஏறினால், இறங்கிவிட்டேன் என்று போன் வரும்வரை அவள் பேரை எடுக்கமாட்டேன். இது மூடத்தனம் என்று எனக்குத் தெரியும். நீங்களும் சொல்லவேண்டாம்.

மாமா வந்துபோய்ப் பத்தொன்பதாம் நாள் மத்தியானம். பூகோளப் பாடம். வாசல் பக்கம் இருந்த பிள்ளை திடீரென்று என் முதுகில் குத்தினாள். மணல் முற்றத்தில் ஒரு மனிதர் நின்றார். தாடி, உடம்புக்குப் பொருந்தாத கடன்வாங்கிய சேட்டு, ஒரு காலில் துணிக்கட்டு. துறைக்காரி ரீச்சரிடம் கேட்கவும் இல்லை, ஓடவும் இல்லை. நடந்து போனாள். கிட்டப் போய் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து அவருடைய காலைப் பார்த்தாள், காலுக்குக் கீழே மண்ணைப் பார்த்தாள். பிறகுதான் அவருடைய வயிற்றில் முகத்தை வைத்து ஓவென்று அழத் தொடங்கினாள். பத்தொன்பது நாள் அழுகை அது. ரீச்சரும் மூக்கை உறிஞ்சினார்.

பாய்மரம் முறிந்து, காற்று இழுத்துக்கொண்டுபோய்த் தொண்டிப் பக்கம் மணலில் சொருகிவிட்டதாம். ஆள்கள் எல்லோரும் தப்பினார்கள், தோணி போய்விட்டது. அங்கிருந்து தந்தி அடித்திருக்கிறார். அவர் வேறொரு தோணியில் வந்து இறங்கி மூன்றாம் நாள்தான் அந்தத் தந்தி வீட்டுக்கு வந்தது என்று பிறகு சொல்லிச் சிரிப்பார்களாம். வந்த அன்று தாய்க்கு முகத்தைக் காட்டிவிட்டு, அடுத்த நாளே மகளைப் பார்க்கப் பஸ் ஏறி வந்திருந்தார்.

நான் வகுப்பு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கண்டுவிட்டு, "உவ ஆர் பிள்ளை, அழுதுகொண்டு நிக்கிறா?" என்று மகளைக் கேட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "உவள் என்ரை பக்கத்துக் கட்டில்" என்றாள். அவ்வளவுதான். சிநேகிதி என்று சொல்லவில்லை. நான் உள்ளே போய்விட்டேன். அவர் உயிரோடு வந்ததே போதும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை.

நாலு மணி பஸ்ஸில் அவர் திரும்பினார். ஆறரைக்கு மணியடித்தது. சோற்றுப் பானை வந்தது. அன்று மேற்றன் விசேஷமாகப் பொரியலும் செய்யச் சொல்லியிருந்தார். ஒவ்வொருத்தியாகச் சொல்லி வந்தார்கள். துறைக்காரியிடம் வந்ததும் மேற்றன் தாண்டிப்போகாமல் நிறுத்தி, சிரித்த முகத்தோடு அவளைப் பார்த்தார். துறைக்காரி எழும்பிச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"மேற்றன், நான் கடைசியாச் சொல்லட்டே?"

"ஏன் பிள்ளை?"

"அப்பா இன்னும் பஸ்ஸிலை."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். மேற்றன் சிரிக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்.

"எத்தினை மணிக்கு வீட்டை போய்ச் சேருவார்?"

"யாழ்ப்பாணத்திலை மாறிப் போகவேணும். ஏழு மணியாகும்."

மேற்றன் பென்சிலைக் கீழே வைத்தார். "சரி, பொறுப்பம்" என்றார்.

மற்றவர்கள் சொல்லி முடித்தார்கள். பிறகு நாங்கள் இருபத்தாறு பேரும் மேற்றனும் ஒன்றும் செய்யாமல் இருந்தோம். பொரியல் வாசம் மூக்கைத் துளைத்தது. சின்னப் பிள்ளை ஒருத்தி மேசையில் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். சமைக்கிற குசினி அம்மா எட்டிப் பார்த்து, "என்ன இது, ஒருத்தரும் கை வைக்கேல்லை, சோறு ஆறுது" என்று அதட்டினாள்.

"ஒராள் வீட்டை போய்ச் சேரட்டும்" என்றார் மேற்றன்.

மணிக்கூடு ஏழு அடித்தது. எல்லோரும் துறைக்காரியைப் பார்த்தோம். அவள் எழும்பவில்லை.

"தெருவிலை இருந்து வீட்டை நடக்கவேணும்" என்றாள். "கால் வேறை நோகுது."

இன்னும் ஐந்து நிமிடம் இருந்தோம், பிறகு இன்னும் ஐந்து. அதன் பிறகு அவள் எழும்பினாள்.

"அப்பா வீட்டை வந்திட்டார். அப்பாவுக்கு நன்றி."

சொல்லிவிட்டு வாங்கில் இருக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். பத்தொன்பது நாளுக்கு மேல் என்னைப் பார்க்காத கண்.

"இப்ப நீ சொல்லு."

"ஆருக்கு?" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"என்ரை அப்பாவுக்குத்தான். இனிமேல் என்னைக் கேட்டுப்போட்டுச் சொல்லு. இப்ப நான்தானே சொல்லுறன், சொல்லு."

எழும்பி நின்றேன். "இவவின்ரை அப்பா இருக்கிறதுக்காக ஸ்தோத்திரம்" என்றேன். அழுகை பாதியும் சொல் பாதியுமாகத்தான் வந்தது. எல்லோரும் ஆமென் என்றார்கள். அவள் சைவப் பிள்ளை, அந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. அன்று எங்கள் எல்லோரையும் விட உரக்கச் சொன்னது அவள்தான்.